அருவியும் முகப் பொலிவும்

தென்காசி ஸ்டேஷனில் வந்து இறங்குகிறவர்களின் முகங்களையும், நாலு நாள் கழித்து அங்கிருந்து வண்டி ஏறுகிறவர்களின் முகங்களையும் கவனித்தவர்களுக்கு ஒரு விஷயம் புலப்படாமற் போகாது. வருகிறவர்கள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வருகிறார்கள். போகிறவர்களோ தங்களுக்கு நெற்றி என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டுப் போகிறார்கள். இடையில் அவர்கள் செய்ததெல்லாம் குற்றாலத்து அருவியில் தலையைக் கொடுத்ததுதான்.

ஆனி மாதம் பிறந்ததும் தென்மேற்குப் பருவக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகக் கிழக்கே எட்டிப் பார்க்கிறது. மலைக்கு அப்பால் மலையாள தேசத்தில் கொட்டித் தீர்த்த மழையின் மிச்சம் இந்தப் பக்கம் மெல்லிய தூற்றலாக வந்து விழுகிறது. அதற்குத்தான் சாரல் என்று பெயர். வெயில் அடிக்கும்போதே தூறுகிறது. குடையை விரிப்பதற்குள் நின்றுவிடுகிறது. ஆகையால் குற்றாலத்தில் விவேகமுள்ளவர்கள் குடையை நம்புவதில்லை, நனைந்துகொண்டே நடக்கிறார்கள்.

பேரருவியின் விசேஷத்தைச் சற்று விவரமாகவே சொல்லவேண்டும். சிற்றாறு அந்தச் செங்குத்தான பாறையின் உச்சியிலிருந்து நேரே மனிதர் தலையில் விழுமானால், குளிக்கப் போனவர் திரும்பி வரமாட்டார். ஆனால் நடுவழியில் பொங்குமாங்கடல் என்று ஆழமானதொரு பள்ளம் இருக்கிறது. வெள்ளம் முதலில் அதில் விழுந்து, தன் ஆத்திரமெல்லாம் தீர்ந்து, பிறகு பொங்கி வழிந்து, பாறைமேல் பரவிக் கீழே இறங்குகிறது. அப்போதும் அடி விழத்தான் விழுகிறது. ஆயினும் அது தாயார் கையால் விழும் அடி. மலையில் மழை அதிகமாகிப் பொங்குமாங்கடலுக்கும் அடங்காமல் வெள்ளம் வரும் நாட்களில் போலீஸார் யாரையும் கிட்ட விடுவதில்லை. அவர்களோடு வாதாடாமல் இருப்பதே உத்தமம்.

அருவிக்குள் நிற்பவர்களின் முகங்களை ஒருமுறை பாருங்கள். ஜில்லா அதிகாரியானாலும் சரி, ஜவுளிக்கடை முதலாளியானாலும் சரி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாயை அகலத் திறந்து, கன்னத்தை உப்ப வைத்து, "ஆ! ஊ!" என்று கூவுகிறார்கள். வெளியில் வந்து பெருமூச்சு விடுகிறார்கள்; மறுபடியும் உள்ளே போகிறார்கள். முகத்தில் உள்ள தசை ஒவ்வொன்றும் சுருங்கி விரிகிறது. யாரும் கற்றுக்கொடுக்காமலே அங்கே ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் யோகாப்பியாசம் செய்கிறார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

ஏனெனில், இப்போது 'முக யோகம்' என்ற பெயரில் பட்டணங்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு கற்பிக்கும் வித்தையும் ஏறக்குறைய இதுதான். கன்னத்தை உப்புதல், புருவத்தை உயர்த்துதல், வாயைக் குவித்தல், நாக்கை நீட்டுதல்! இவற்றுள் பழமையான பிரமாணம் உள்ளது சிம்மாசனம் ஒன்றே. சுமார் ஐந்நூறு வருஷங்களுக்கு முன் ஸ்வாத்மாராமர் இயற்றிய ஹடயோகப் பிரதீபிகையில், முழங்கால்மேல் கைவிரல்களை விரித்து வைத்து, வாயைத் திறந்து, மூக்கு நுனியை நோக்கி அமரும் ஆசனமாக அது விவரிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதனால் முகச் சுருக்கம் நீங்கும் என்று அந்நூல் சொல்லவில்லை. தலைகீழாக இருந்து செய்யும் விபரீதகரணி என்ற வேறொரு முத்திரைக்குத்தான், ஆறு மாதத்தில் நரையும் திரையும் மறையும் என்ற பலன் கூறப்பட்டிருக்கிறது. ஆறு மாதம் என்று கெடு வைத்தவரின் தைரியத்தை மெச்சத்தான் வேண்டும்!

நம் சாஸ்திரங்களில் உள்ளதெல்லாம் சத்தியம் என்பாரும், ஒன்றுமே இல்லை என்பாரும் நம்மிடையே நிரம்ப உண்டு. இரு சாராரும் கவனிக்கத்தக்க சோதனை ஒன்று அமெரிக்காவில் நடந்திருக்கிறது. சிகாகோ நகரத்து நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலை வைத்தியர்கள் 40 முதல் 65 வயது வரை உள்ள 27 பெண்மணிகளைச் சேர்த்து, 32 முகப் பயிற்சிகளைக் கற்பித்தார்கள். முதல் 8 வாரம் தினம் அரை மணி நேரம். பிறகு 20-ஆவது வாரம் முடிய ஒரு நாள் விட்டு ஒரு நாள். முன்னும் பின்னும் எடுத்த படங்களை, எது முந்தியது எது பிந்தியது என்று அறியாத வைத்தியர்களிடம் கொடுத்து வயதை மதிப்பிடச் சொன்னார்கள். சராசரி மதிப்பு 50.8 வயதிலிருந்து 48.1 வயதாகக் குறைந்தது. கன்னங்கள் சற்றுப் பூரித்திருந்தன. 2018-இல் வெளிவந்த இந்த முடிவைப் படித்துச் சந்தோஷப்படும் நேயர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்: கடைசி வரை தாக்குப்பிடித்தவர்கள் 16 பேர்தான். பயிற்சி செய்யாத வேறொரு கூட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் இல்லை.

கன்னம் பூரிப்பதற்குக் காரணம் உண்டு. வயது ஏற ஏறக் கன்னத்துக் கொழுப்பு மெலிந்து கீழே சரிகிறது. அடியில் உள்ள தசை பருத்தால் அந்தக் குழி ஓரளவு நிரம்பக்கூடும். ஆனால் கையிலும் காலிலும் உள்ள தசைகள் எலும்போடு எலும்பைப் பிணைப்பவை. முகத்துத் தசைகளில் பெரும்பாலானவை ஒரு முனையில் தோலையே பற்றியிருக்கின்றன. அதனால்தான் மனத்தில் தோன்றுவது அடுத்த க்ஷணம் முகத்தில் தெரிகிறது. அதனால்தான் ஓயாமல் புருவத்தை நெரிப்பவர்களுக்கு நெற்றியில் கோடும் விழுகிறது. ஆகவே எல்லாப் பயிற்சியும் எல்லாச் சுருக்கத்தையும் போக்கும் என்பது வீண் பேச்சு. உண்மையில் முகத்தை முதிரச் செய்வதில் வெயிலுக்கே முதலிடம். புகையிலைப் புகையும் அதற்குத் துணை செய்கிறது.

இதிலாவது நஷ்டம் அரை மணி நேரம்தான். முகத்தை வெளுக்க வைக்கும் பசைகளின் சமாசாரம் அப்படியல்ல. குற்றாலத்திலிருந்து மலையைத் தாண்டி வடக்கே போனால் வரும் மலப்புரம் ஜில்லாவில், 2021 முதல் 2023 வரையில் சிறுநீரக நோயோடு வந்தவர்களை வைத்தியர்கள் விசாரித்தபோது, அவர்களிற் பலர் இத்தகைய பசைகளைப் பூசி வந்தது தெரிந்தது. பசைகளைச் சோதித்ததில் பாதரசம் இருந்தது. செய்த ஊரும் சேர்த்த சரக்கும் இன்னதென்று அச்சிடாத டப்பாவை நம்பி, கண்ணுக்குக் கண்ணான பெண்ணின் முகத்தில் தடவுவதை என்னவென்று சொல்வது? கல்யாணச் சந்தையில் நிறத்தைப் பற்றிக் கேள்வி கேட்பவர்களுக்கும் இந்தப் பாவத்தில் பங்கு உண்டு.

குற்றாலத்தில் விற்கும் அழகுச் சரக்கு எண்ணெய் ஒன்றுதான். அருவியில் எண்ணெய், சவர்க்காரம், ஷாம்பு தேய்த்துக் குளிக்கத் தடை இருப்பதால், எண்ணெய் தேய்ப்பவர்கள் தள்ளி இருந்தே தொழில் நடத்துகிறார்கள். முதுகில் அவர்கள் போடும் போட்டில் முன் ஜன்மத்துச் சுளுக்கும் விட்டுப்போகும். ஆனால் முகத்துக்கு வந்ததும் கை தானாக மெதுவாகிவிடுகிறது. என் நெற்றிப் பொட்டை இரு விரலால் வட்டமாக நீவிக்கொண்டே ஒருவர், "பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கீங்களே ஐயா, தாடையை விடுங்க" என்றார். அவர் சொல்லும் வரையில் நான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது எனக்கே தெரியாது.

எண்ணெய், அருவி, பசி, தூக்கம் என்ற வரிசையில் குற்றாலத்தில் பொழுது போகிறது. பசிக்குச் செங்கோட்டைப் பக்கத்துப் பரோட்டாக் கடைகள் இருக்கின்றன. மங்குஸ்தானும் ரம்புட்டானும் தெருவெல்லாம் குவிந்திருக்கின்றன. தூக்கத்துக்குச் சிபாரிசு தேவையில்லை. முகம் தெளிவதற்கு அருவி பாதிக் காரணம் என்றால், இரவு ஒன்பது மணிக்கே கண்ணைச் சொருகும் அந்தத் தூக்கம் மறு பாதி என்று எனக்குத் தோன்றுகிறது. புறநானூற்றுப் பிசிராந்தையாரிடம், இத்தனை வயதாகியும் நரைக்காதது எப்படி என்று கேட்டபோது, அவர் மருந்து எதையும் சொல்லவில்லை. நல்ல மனைவி மக்களையும், குறிப்பறிந்த ஏவலரையும், நெறி தவறாத அரசனையும், ஊரில் உள்ள சான்றோரையுமே காரணமாகச் சொன்னார். அவ்வளவும் வாய்க்காதவர்களுக்கு நாலு நாள் குற்றாலம்.

ஐந்தருவிச் சாலையில் நாங்கள் தங்கிய விடுதியில், மதுரையிலிருந்து வந்திருந்த வயதான அம்மாள் ஒருவர் விடியற்காலையில் திண்ணையில் அமர்ந்து சிம்மாசனம் செய்வார். விழியை உருட்டி, நாக்கை மோவாய் வரை நீட்டி, ஒரு கர்ஜனை! "முகச் சுருக்கம் போவதற்கா, அம்மா?" என்று கேட்டேன்.

"சுருக்கம் கிடக்கட்டும். இதைப் பார்த்தால் என் பேரன் சிரிக்கிறான். அதற்காகத்தான்" என்றார்.

பேரனுக்கு ஐந்து வயது இருக்கும். அவன் சிரித்ததோடு நிற்கவில்லை. மறுநாள் காலையில் விடுதியில் இருந்த மற்றக் குழந்தைகளையும் அழைத்து வந்து உட்கார வைத்துவிட்டான். அன்று அந்தத் திண்ணையில் ஆறு சிங்கங்கள் கர்ஜித்தன.