மிஞ்சிய குளிசை



எங்கள் வெள்ளவத்தை வீட்டு அலுமாரியில் மிஞ்சிய அன்டிபயோடிக் குளிசைகள் எப்போதும் இருக்கும். பிள்ளைக்குத் தடிமன் என்றால் அதிலொன்றைக் கொடுத்துவிடுவேன். இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது.

அந்த மருந்து குடலிலுள்ள நல்ல கிருமிகளையும் கொல்கிறது. அந்த இடத்தில் 'குளொஸ்ட்ரிடியம் டிஃபிசில்' என்ற கிருமி பெருகினால், கடும் வயிற்றோட்டம் திரும்பத் திரும்ப வரும். 2013இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில், இப்படி அவதிப்பட்ட 16 பேருக்கு, சோதித்தெடுத்த சுகதேகிகளின் மலத்தைக் கரைத்து, மூக்குவழிக் குழாயால் குடலுக்குள் செலுத்தினார்கள். 15 பேர் குணமடைந்தார்கள். மருந்து மட்டும் எடுத்த 13 பேரில் தேறியவர்கள் 4 பேரே.

நஜீஸிலா சிகிச்சை என்று முகம் சுளிக்கிறீர்களா? நானும் சுளித்தேன். பிறகுதான் யோசித்தேன்: அல்லாஹ் நம் குடலில் வைத்த அமானிதத்தை நாமே அழித்துவிட்டு, அதைப் பிறரிடம் இரந்து பெறும் நிலை எதற்கு?

டாக்டர் சொல்லாமல் இனி ஒரு குளிசையும் வேண்டாம், சகோதரிகளே.