உறைந்த வெண்டிக்காயும் ஒரு பத்திரிகைக்காரனும்

மரக்கறி என்றால் காலையில் சந்தையில் வாங்கி மதியம் சமைப்பது என்ற எண்ணத்தோடு எழுபது ஆண்டுகள் வாழ்ந்துவிட்டவன் நான். 1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபின், எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி பல ஆண்டுகள் பழைய பத்திரிகைகளை அடுக்கும் அலுமாரியாகவே இருந்தது. உறையவைத்த உணவின்மீது எனக்கு நம்பிக்கை வராததற்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

சென்ற மாரிகாலத்தில் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் மகளுடன் தங்கியிருந்தபோது மனைவிக்கு இருதய சிகிச்சை நடைபெற்றது. எண்ணெயில் பொரித்தவற்றை விலக்குமாறு மருத்துவர் கூறினார். நோயிலிருந்து எழுந்தவளுக்கோ உணவில் நாட்டமே இல்லை. என்ன வேண்டும் என்று கேட்டால் ஒரே பதில்தான்: “வெண்டிக்காய்ப் பொரியல்.”

அச்சு வேலை முடிந்து நள்ளிரவில் வீடு திரும்பும் எனக்காக நாற்பது ஆண்டுகள் சோற்றை மூடிவைத்துக் காத்திருந்தவள் அவள். இப்போது சமைக்க வேண்டியவன் நான். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள். வெளியே பனி. வீட்டில் இருந்தவை உறைந்த வெண்டிக்காய்ப் பொதியொன்றும் எயார் ஃபிரையருமே.

முதல் நாள் வெண்டிக்காயைத் தண்ணீரில் போட்டு உருகவைத்து, உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டி, கூடை நிறையக் கொட்டினேன். கிடைத்தது கொழகொழவென்ற ஒரு களி. “இஞ்சாருங்கோ, இது பொரியல் இல்லை, அவியல்” என்று சொல்லி, ஒரு வாயோடு தட்டை நகர்த்திவிட்டாள்.

செய்தி பிழைத்தால் எங்கே பிழைத்தது என்று தேடுவது எங்கள் தொழிற்பழக்கம். தேடினேன். எயார் ஃபிரையர் உண்மையில் பொரிப்பதில்லை. மேலேயுள்ள கம்பிச்சுருள் சூடாக்கும் காற்றை விசிறி வேகமாகச் சுழற்றுகிறது. அந்தக் காற்று ஈரத்தை வெளியேற்றிய பின்னரே காய் முறுகும். உருகிய காய் தன் நீரிலேயே அவிகிறது. கூடை நிறைந்தால் ஆவிக்கும் வழியில்லை.

ஆகவே உருகவைக்கக் கூடாது. 400 பாகை பரனைற்றில், அதாவது ஏறத்தாழ 200 பாகை செல்சியஸில், கருவியை ஐந்து நிமிடம் சூடாக்கி, உறைந்த காயை ஒரு தேக்கரண்டி எண்ணெயில் பிரட்டி ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். ஏறக்குறைய பதினைந்து நிமிடம்; இடையில் இருமுறை குலுக்க வேண்டும். மிளகாய்த்தூள் கருகிவிடுமாதலால் கடைசி மூன்று நிமிடத்தில் தூவ வேண்டும். உப்பு நீரை இழுக்கும். அது இறக்கிய பின்னரே.

இந்த மரக்கறி பழையது என்ற எண்ணமும் தவறே. இன்று கனடாவின் பகுதியாகவுள்ள லாப்ரடோரில், கடுங்குளிரில் இனுயிற் மக்கள் பிடித்த மீன் நொடியில் உறைவதைக் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர் கண்டார். விரைவாக உறைந்தால் பனிப்பளிங்குகள் சிறியனவாக இருக்கும். உணவு அதிகம் சிதையாது. அவரது உறைந்த உணவுகள் 1930 இல் மசாசுசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் விற்பனைக்கு வந்தன. பறித்த சில மணி நேரத்தில் உறையவைத்த காய், கடையில் பல நாள் வாடிக் கிடந்த காயைவிடத் தாழ்ந்ததல்ல.

நான்காம் நாள் தட்டு வெறுமையாகத் திரும்பியது.

“உறைப்புக் காணாது. நாளைக்குக் கொஞ்சம் கூடப் போடுங்கோ” என்றாள்.

அவள் குறை சொல்லத் தொடங்கிவிட்டாள். அன்றுதான் எனக்கு நிம்மதியாக உறக்கம் வந்தது.