நொடித்துப் போன மூன்று வீடுகள்

போன செமஸ்டர் இன்டர்னல் தேர்வில் ஒரு கேள்வி வந்தது. தொழில் வளர்ச்சியும் சமூக மாற்றமும் பணக்காரக் குடும்பங்களை என்ன பாடு படுத்தின என்று இரண்டு நாவல்களை வைத்து விளக்க வேண்டும். நான் படித்திருந்தது ஒன்று, எழுதியது இரண்டு :-) இருபதுக்கு 14 போட்டிருந்தார்கள். என் பதில் ரொம்ப சுலபமானது. காலம் மாறுகிறது, குடும்பம் மாற மறுக்கிறது, அதனால் அழிகிறது. நான்கு பக்கத்துக்கு இதையே திருப்பித் திருப்பி எழுதினேன்.

பிறகு லீவில், படிக்காமலேயே எழுதிய அந்த இரண்டாவது நாவலைப் படித்தேன். பதில் தப்பு என்று தெரிந்தது.

முதலில் படித்திருந்த நாவலைச் சொல்லிவிடுகிறேன். பூத் டார்கிங்டன் எழுதிய 'தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்', 1918-ல் வந்தது. அடுத்த வருடமே புலிட்சர் பரிசு வாங்கியது. அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு ஊர், பெயர் சொல்வதில்லை. டார்கிங்டனின் சொந்த ஊரான இண்டியனாபொலிஸைத்தான் மனதில் வைத்திருக்கிறார் என்பார்கள். 1873-ல் எல்லோரும் பணத்தை இழந்த நேரத்தில் மேஜர் ஆம்பர்சன் மட்டும் சம்பாதித்துவிடுகிறார். இருநூறு ஏக்கர் வாங்கி, தெரு போட்டு, சிலை வைத்து, நடுவில் ஒரு மாளிகையும் கட்டிக்கொள்கிறார். அவர் பேரன் ஜார்ஜ் சின்ன வயதிலேயே ஊரை மிரட்டுகிறவன். இவனுக்கு ஒருநாள் செமத்தியாகக் கிடைக்காதா என்று ஊரே காத்திருக்கிறது. பெரியவனாகி என்ன வேலை செய்யப் போகிறாய் என்று அவன் விரும்பும் பெண் கேட்டால், உல்லாசப் படகு ஓட்டப் போகிறேன் என்கிறான். கடலே இல்லாத ஊரில்!

அந்தப் பெண்ணின் அப்பா யூஜின் மார்கன். குதிரை இல்லாத வண்டியைச் செய்து பார்த்துக்கொண்டிருக்கும் ஆள். ஜார்ஜின் அம்மா இசபெலைக் காதலித்து, குடித்துவிட்டு அவள் வீட்டு வாசலில் பாட வந்து, கையோடு கொண்டுவந்த பெரிய பிடில் மேலேயே விழுந்து உடைத்ததால் அவளை இழந்தவர். இருபது வருடம் கழித்து மோட்டார் வண்டியோடு திரும்பி வருகிறார். அவர் வண்டி வழியில் நின்றுவிட்டால், "போய் ஒரு குதிரையைக் கட்டு" என்ற மாதிரி ஜார்ஜ் கத்துகிறான்.

இதில் ஒரு சாப்பாட்டு மேஜைக் காட்சி உண்டு. இந்த நாவலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. மோட்டார் வண்டி ஒரு தொல்லை, அதைக் கண்டுபிடித்திருக்கவே கூடாது என்று யூஜின் முகத்துக்கு நேரே ஜார்ஜ் சொல்கிறான். மேஜையே உறைந்து போகிறது. யூஜின் கோபப்படுவதில்லை. அவன் சொல்வது சரியாகக்கூட இருக்கலாம் என்கிறார். இந்த வண்டியால் மனிதர்களின் மனசுக்குள்ளேயே ஏதோ மாறப்போகிறது, அது நல்லதற்குத்தானா என்று தனக்கே நிச்சயமில்லை, ஆனால் வண்டி வந்துவிட்டது என்கிற மாதிரி பேசுகிறார். புதுக்காலத்தின் ஆள் அவர். அவரே தன் வெற்றியைச் சந்தேகிக்கிறார். பழைய காலத்தின் ஆளுக்கோ ஒரு சந்தேகமும் இல்லை.

அந்தக் குடும்பத்தில் யாருமே கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்ப்பதில்லை. மேஜருக்கே தன்னிடம் என்ன மிச்சம் இருக்கிறதென்று சரியாகத் தெரியாது. ஒரு மகனும் மருமகளும் தங்கள் பங்கை முன்கூட்டியே பிரித்துக்கொண்டு ஐரோப்பா போய்விடுகிறார்கள். மகளுக்குக் கட்டிக் கொடுத்த வீட்டுக்குப் பத்திரம் எழுதிக் கொடுக்கக்கூட இல்லை என்பது எல்லோரும் செத்த பிறகுதான் தெரிகிறது. மிச்சப் பணத்தைக் கார் விளக்குக் கம்பெனி ஒன்றில் போட்டு அதையும் கோட்டை விடுகிறார்கள். கடைசியில் ஜார்ஜ் வெடிமருந்துத் தொழிலில் ஆபத்தான வேலைக்குப் போய், தெருவைக் கடக்கும்போது ஒரு கார் மோதிக் கால்கள் உடைந்து கிடக்கிறான். மோதியது கார் என்பது கொஞ்சம் ஓவர்தான். (ஆர்சன் வெல்ஸ் இதை 1942-ல் படமாக எடுத்தார். அவர் பிரேசிலில் இருந்த சமயம் ஸ்டுடியோ நாற்பது நிமிடத்துக்கு மேல் வெட்டி எறிந்து, முடிவையும் மாற்றிவிட்டது. அது தனிச் சோகக் கதை.)

என் தேர்வுப் பதில் இந்த நாவலுக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி பொருந்தும். சிக்கல் தாமஸ் மானின் 'புடன்புரூக்ஸ்' நாவலில் வந்தது.

1901-ல் அது வெளிவந்தபோது தாமஸ் மானுக்கு 26 வயது. (என்னைவிட ஆறு வயதுதான் அதிகம். இதை யோசிக்காமல் இருப்பது நல்லது.) 1929-ல் நோபல் பரிசு கொடுத்தபோது முக்கியமாக இந்த நாவலைத்தான் குறிப்பிட்டார்கள். வட ஜெர்மனியில் லூபெக் துறைமுகம், நான்கு தலைமுறை தானிய வியாபாரிகள். மானின் சொந்தக் குடும்பமும் அதே ஊரில் அதே தொழில்தான் செய்தது. 1891-ல் அப்பா இறந்ததும் கம்பெனியைக் கலைத்துவிட்டார்கள்.

இந்தக் குடும்பத்தைச் சோம்பேறிகள் என்று சொல்லவே முடியாது. மூன்றாம் தலைமுறைத் தாமஸ் புடன்புரூக், தாத்தா காலத்து வியாபாரத்தை அப்படியே கட்டி அழுகிறவனும் அல்ல. சுங்க ஒன்றியம், ரயில் என்று புதியவற்றின் பக்கம் நிற்கிறான். போட்டிக் குடும்பத்தானைத் தோற்கடித்து ஊர் செனட்டர் ஆகிறான். புதுப் பெரிய வீடு கட்டுகிறான். கணக்குப் புத்தகம் அவனுக்கு மனப்பாடம். அதனாலேயே மூலதனம் கரைவதை ஒவ்வொரு வருடமும் தன் கண்ணாலேயே பார்க்கிறான்.

தங்கை டோனி ஒரு யோசனை கொண்டு வருகிறாள். பேப்பன்ராடே என்ற பண்ணையின் சொந்தக்காரர் கடனில் தவிக்கிறார், அறுவடைக்கு முன்னாலேயே வயலில் நிற்கும் பயிரை மொத்தமாக மலிவு விலைக்குத் தள்ளிவிடத் தயார். அடுத்தவன் கஷ்டத்தில் லாபம் பார்க்கிற இந்த மாதிரி வியாபாரம் குடும்பத்தில் யாரும் செய்ததில்லை. தாமஸ் ராத்திரி முழுக்கத் தன்னோடு சண்டை போடுகிறான். இந்தக் காலத்து வியாபாரி இப்படித்தான் இருக்க வேண்டும், நான்தான் பயந்து சாகிறேனோ என்று நினைத்து, கடைசியில் வாங்கிவிடுகிறான். 1868 ஜூலையில் கம்பெனிக்கு நூறாவது ஆண்டு விழா. ஊரே வாழ்த்த வந்திருக்கிறது, பேண்டு வாத்தியம் முழங்குகிறது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் தந்தி வருகிறது. ஆலங்கட்டி மழையில் பயிர் மொத்தமும் நாசம்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஹாஸ்டல் மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். மாற மறுத்ததால் அழிந்தான் என்று இவனைப் பற்றி எப்படி எழுதினேன்? இவன் மாறிய அன்றுதானே அடி விழுந்தது!

அதற்குப் பிறகு தாமஸ் ஒரு நாளைக்குப் பலமுறை உடை மாற்றுகிறான். உள்ளே ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்ட பிறகு வெளியேயாவது கசங்காமல் இருக்க வேண்டுமே. நாற்பத்தெட்டு வயதில், பல் பிடுங்கப் போய்த் திரும்பும் வழியில் தெருச்சேற்றில் முகம் குப்புற விழுந்து, கொஞ்ச நேரத்தில் செத்துப்போகிறான். பழைய குடும்ப வீட்டைப் போட்டிக் குடும்பம் வாங்கிக்கொள்கிறது. ஆனால் அந்த வீடே வேறொரு நொடித்த குடும்பத்திடமிருந்து வாங்கியது. முதல் அத்தியாய விருந்தில் அந்தக் குடும்பம் எப்படி நொடித்தது என்று சாப்பிட்டுக்கொண்டே பேசுகிறார்கள். முதல்தடவை படிக்கும்போது அது வெறும் அரட்டை மாதிரிதான் இருந்தது. திரும்பிப் போய்ப் படித்தபோது வயிற்றைக் கலக்கியது.

லாம்பெதூசாவின் 'சிறுத்தை'யையும் அதே லீவில் முடித்தேன். ஆசிரியர் 1957-ல் இறந்து, நாவல் 1958-ல் வந்தது. 1860-ல் கரிபால்டி சிசிலிக்கு வந்த காலம். இங்கே இளவரசர் டான் ஃபாப்ரிசியோவுக்கு எல்லாமே தெரிகிறது, தன் வர்க்கம் முடிந்ததும் தெரிகிறது, ஒன்றும் செய்வதில்லை. செனட் பதவி தேடி வந்தால்கூட, புதுப் பணக்காரனான ஊர் மேயருக்குக் கொடுங்கள் என்கிறார். ஊரில் வாக்கெடுப்பு நடக்கிறது. 512 பேர் ஓட்டுப் போட்டார்கள், 512-ம் 'ஆம்'. 'இல்லை' என்று போட்ட ஒருவர் பிறகு இளவரசரிடம் வந்து தன் ஓட்டு எங்கே என்று குமுறுகிறார். மாற்றத்தில் திருடு போவது பெரிய வீட்டுச் சொத்து மட்டும் அல்ல என்று காட்ட எனக்கு இந்த ஒரு இடம் போதும்.

ஆக, பார்க்காத ஜார்ஜ், பார்த்துப் போராடிய தாமஸ், பார்த்துச் சும்மா இருந்த இளவரசர். மூன்று வீடும் போயிற்று. 14 மார்க் பதிலை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இது தேர்வோடு முடிந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். எங்கள் தாத்தாவுக்குக் கடைத்தெருவில் எண்ணெய்க் கடை இருந்தது. இரண்டு செக்கு, நாலு ஆள். பாக்கெட் எண்ணெய் வந்த பிறகு கடை படுத்துவிட்டது. "பிடிவாதம். காலத்துக்குத் தக்கன மாறத் தெரியல" என்று அப்பா ஒரே வரியில் முடித்துவிடுவார். எனக்குத் தாத்தா என்றால் ஜார்ஜ் ஆம்பர்சன்தான். அந்தத் தேர்வில் அவ்வளவு வேகமாக எழுதியதுகூட அதனால்தான் என்று இப்போது தோன்றுகிறது.

லீவு முடிவதற்கு முன் அப்பத்தாவிடம் கேட்டேன். தாத்தா ஏன் பாக்கெட் போடவில்லை என்று.

"யாரு சொன்னா போடலைன்னு? மிசினு வாங்குனாருல்ல. என் நகைய வச்சுத்தான் வாங்குனாரு. ஆறு மாசம் ஓடுச்சு. கடைக்காரனுக எல்லாம் கடனுக்கு எடுத்துக்கிட்டு பணம் தரல."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அவன் அப்ப ஹாஸ்டல்ல இருந்தான். ஒங்க தாத்தா சொல்லக் கூடாதுன்னுட்டாரு."

மிஷின் இன்னும் பின்கட்டில் கிடக்கிறது. இத்தனை வருடம் அதை ஏதோ பழைய மாவு மிஷின் என்றுதான் நினைத்திருந்தேன். மேலே கிடந்த சாக்கை எடுத்துப் பார்த்தேன். பாக்கெட்டில் அச்சடிக்க வைத்திருந்த ரப்பர் கட்டை ஒன்று இடுக்கில் சிக்கியிருந்தது. கண்ணாடியில் காட்டிப் படித்தால் அப்பாவின் பெயர், அதற்குக் கீழே 'ஆயில் ஸ்டோர்' என்று இருந்தது.