மறக்காத கடவுச்சொல்

நடுவண் அரசுப் பணியில் இருப்போரின் குடும்பங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாறுகின்றன. வீடு மாறும், பள்ளி மாறும், சிலருக்குத் தொலைபேசி எண்ணும் மாறும். மின்னஞ்சல் கணக்கு மட்டும் மாறுவதில்லை. பாட்டியின் ஒளிப்படங்கள், மதிப்பெண் சான்றிதழ்கள், பெற்றோரின் வங்கிச் செய்திகள் யாவும் அதற்குள்ளேயே இருக்கின்றன. அக்கணக்கைத் திறக்கும் கடவுச்சொல் பிறர் கைக்குச் சென்றாலும் இழப்பு. உரியவருக்கே மறந்துபோனாலும் இழப்பு. மறந்தவருக்கு உதவும் குறுஞ்செய்தி, அவர் கைவிட்டு வந்த பழைய எண்ணுக்கன்றோ செல்லும்! ஆகவே, கடவுச்சொல் பிறரால் ஊகிக்க இயலாததாகவும், தம்மால் மறக்க இயலாததாகவும் அமைதல் வேண்டும்.

இவ்விரண்டையும் ஒருங்கே பெறுவது எளிதன்று. நினைவில் நிற்கும் என்று கருதிப் பலர் தம் பெயரையோ பிறந்த நாளையோ வைக்கின்றனர். அவற்றை அறிந்தோர் பலர் உளர். திருக்குறள் ஒன்றின் தொடக்கத்தை வைக்கலாமே என்று தமிழ் மாணவருக்குத் தோன்றக்கூடும். குறள் உயர்ந்தது; ஆனால், மறைபொருள் அன்று. குறட்பாக்கள் மொத்தம் 1330. நான்கு இலக்கப் பூட்டுக்கோ 10,000 எண்கள் உண்டு.

வேறு சிலர் ஒரு சொல்லை எடுத்து, அதில் ஓர் எழுத்தை எண்ணாக மாற்றி, இறுதியில் ஒரு குறியைச் சேர்க்கின்றனர். இத்தகைய மாற்றங்களைத் திருடுவோர் நன்கறிவர். உரியவரோ, எந்த எழுத்தை மாற்றினோம் என்பதை மறந்து தவிப்பர். அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியும், இத்தகைய கலப்பைக் கட்டாயமாக்க வேண்டா என்றும், நீளமே முதன்மையானது என்றும் கூறுகிறது.

நீளமானதை எவ்வாறு நினைவில் கொள்வது? ஆர்னால்டு ரெயின்ஹோல்டு என்பவர் 1995ஆம் ஆண்டு ஒரு வழி கூறினார். 7776 சொற்களுக்கு எண்ணிட்டு, பகடையை உருட்டி, விழும் எண்களுக்குரிய சொற்களை அடுக்குவதே அவ்வழி. இங்குச் சொல்லைத் தேர்வது மனம் அன்று, பகடை. மனம் தனக்குப் பிடித்ததையே தேரும். பிடித்தது எது என்பதைப் பிறர் ஊகிப்பர்.

இதனைத் தமிழ்ச் சொற்களைக் கொண்டும் செய்யலாம். ஒரு பகடையை மூன்று முறை உருட்டினால் 6 × 6 × 6 = 216 வகையான எண்கள் கிடைக்கும். 111இல் தொடங்கி 666இல் முடியும் அவ்வெண்களுக்கு நேராக, வீட்டில் வழங்கும் 216 சொற்களைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். அம்மி, உறி, திண்ணை, கொடுக்காப்புளி எனத் தாத்தாவும் பாட்டியும் தொலைபேசியில் சொல்லும் சொற்களும் அதில் இடம்பெறலாம். பின்னர், பகடை காட்டும் ஐந்து சொற்களை வரிசையாக எடுக்க வேண்டும். இவ்வாறு அமையக்கூடிய தொடர்கள் 47,000 கோடிக்கும் மேற்பட்டவை. தற்செயலாகத் தேர்ந்த எட்டு ஆங்கிலச் சிற்றெழுத்துகளால் அமைபவை ஏறத்தாழ 20,900 கோடியே. ஆறாவது சொல்லைச் சேர்த்தால் வலிமை மேலும் 216 மடங்காகும்.

திண்ணை, தவளை, குடை, முறுக்கு, ரயில் என்னும் சொற்கள் வந்தன எனக் கொள்வோம். திண்ணையில் அமர்ந்த தவளை, குடை பிடித்து, முறுக்கைக் கடித்தபடி ரயிலுக்குக் காத்திருக்கிறது! இக்காட்சி எளிதில் மறக்குமா? பாடநூலில் அச்சாகிவிட்டதால் இத்தொடரை எவரும் பயன்படுத்தலாகாது. ஒவ்வொருவரும் தமக்கெனப் பகடை உருட்டுதல் வேண்டும்.

சொற்களை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்ய நேரும். அப்போது ழகரத்தையும் நெடிலையும் எவ்வாறு எழுதுவது என முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒரே கடவுச்சொல்லைப் பல கணக்குகளுக்கு வைத்தல் தகாது. ஓரிடத்தில் கசிந்தால் அனைத்தும் திறந்துவிடும். எழுதி வைப்பதாயின், தாளில் எழுதி வீட்டிலுள்ள பெட்டியில் பூட்டி வைக்கலாம். பெற்றோர் அன்றி வேறு எவர் கேட்பினும் கூறலாகாது.

செயல்பாடு: வீட்டில் உள்ளோரிடமும் ஊரில் உள்ள உறவினரிடமும் கேட்டு 216 தமிழ்ச் சொற்களைத் தொகுக்க. சொற்களை வகுப்பில் படித்துக் காட்டுக. பகடை காட்டியவற்றை மட்டும் மறைத்து வைக்க.