பாகவதரும் ஆக்ஸல் ரோஸும்: முடியா, குரலா?

தாம்பரத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறினால் குரோம்பேட்டைக்கு நடுவில் ஒரே ஸ்டேஷன், சானடோரியம். உட்கார இடம் தேடி முடிப்பதற்குள் இறங்க வேண்டியதுதான். அந்தத் தூரத்தை ஞாயிற்றுக்கிழமைதோறும் கடக்கிற ஒரு பேரனும், ஈஸி சேரில் அவனுக்காகக் காத்திருக்கிற ஒரு தாத்தாவும் போட்ட சண்டைதான் விஷயம். சண்டை எம்.கே.தியாகராஜ பாகவதரைப் பற்றி. (ஓடாதீங்க மக்களே, இதுல கிடார் எல்லாம் வரும்.)

பேரன் தாம்பரத்தில் ஹாஸ்டல்வாசி. ரூம் சுவரில் ஆக்ஸல் ரோஸ் போஸ்டர். கன்ஸ் அண்ட் ரோஸஸ் பாடகர்தான். 1980-களில் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் கிளாம் மெட்டல் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. முடியை ஸ்ப்ரே அடித்து ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி விடுவது, கண்மை, லிப்ஸ்டிக், தோலோடு ஒட்டின பேன்ட், அதற்கு மேல் தொண்டை கிழிகிற மாதிரி பாட்டு. கிண்டலாக 'ஹேர் மெட்டல்' என்பார்கள். அந்தக் கும்பலின் நடுவிலிருந்து வந்தவர்தான் ஆக்ஸல், அவர்களைவிட ஒரு படி முரட்டு ஆள்.

2025 மே 17-ம் தேதி மும்பை மகாலட்சுமி ரேஸ் கோர்ஸில் கன்ஸ் அண்ட் ரோஸஸ் கச்சேரி. பேரன் காசு சேர்த்து ரயில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முகம் தொங்கிப் போயிருந்தது. 63 வயசு மனுஷன் இருபத்தஞ்சு வயசில் பாடினதைப் பாட முயன்றால் என்ன ஆகும்? மேல் ஸ்தாயியில் காற்றுதான் வந்தது என்று பேரனுக்குக் கடுப்பு.

"அவ்வளவு பேரும் முடியைப் பாத்துதான் ஏமாந்திருக்கோம் தாத்தா."

தாத்தாவுக்கு 84 வயசு, பூர்வீகம் திருச்சி. சிரித்துக்கொண்டே, "முடிய வச்சு ஊரையே மயக்கினவரு எங்க ஊர்ல ஒருத்தரு இருந்தாருடா. ஆனா அவருக்குக் கடைசி வரைக்கும் குரல் இருந்துச்சு," என்றார். அங்கே ஆரம்பித்தது.

இந்த ஒப்பீடு சும்மா தமாஷுக்கு இல்லை. தோள் வரை புரளும் 'பாகவதர் கிராப்', பட்டு ஜிப்பா, காதில் வைரக் கடுக்கன், ஜவ்வாது வாசனை. தங்கத் தட்டில்தான் சாப்பிட்டார் என்று இன்றைக்கும் சொல்லுவார்கள். 1930-களில் ஊர் ஊராகப் பையன்கள் முடி வளர்த்து, வீட்டில் உதை வாங்கியது இவரைப் பார்த்துத்தான். கிளாமர் என்ற வார்த்தை தமிழ்நாட்டுக்குள் வருவதற்கு முன்னாலேயே கிளாமர் வந்துவிட்டது. கூடவே கோர்ட், கொலை கேஸ், ஜெயில். ராக் ஸ்டார் வாழ்க்கைக்கு வேறென்ன வேண்டும்?

பேரன் சும்மா இருக்கிற ஜாதி இல்லை. அந்த வாரம் முழுக்கப் பாகவதர் படங்களைத் தேடிப் பார்த்தான், பாட்டுகளை ஹெட்போனில் கேட்டான், அடுத்த ஞாயிறு வழக்குக் கட்டோடு வந்து இறங்கினான்.

முதல் குற்றச்சாட்டு: பாகவதருக்கு நடிக்க வராது. இதில் தாத்தாவே பெரிசாக எதிர்வாதம் செய்யவில்லை. 1934-ல் வந்த பவளக்கொடி தொடங்கி 1960-ல் அவர் இறந்த பிறகு வெளியான சிவகாமி வரை மொத்தம் 14 படம். பவளக்கொடியில் மட்டும் ஐம்பது பாட்டு என்பார்கள். ஐம்பது பாட்டுக்கு நடுவில் நடிக்க நேரம் ஏது? நேரம் இருந்த படங்களிலும் பெரிய மாற்றம் இல்லை. அம்பிகாபதியை (1937) இயக்கியவர் தமிழே தெரியாத அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கன். காதல் காட்சியில் கேமராவை அருமையாகத் தள்ளிக்கொண்டு போவார், நாயகன் மட்டும் அடுத்த பாட்டுக்குக் காத்திருக்கிற மாதிரி நிற்பார். அதே காலத்துப் போட்டியாளர் பி.யு.சின்னப்பா கத்திச் சண்டை போடுவார், 1940-ல் உத்தம புத்திரனில் இரட்டை வேஷம் கட்டினார். நடிப்பு என்று வந்தால் சின்னப்பாதான். (பாகவதர் கட்சிக்காரர்கள் மன்னிக்கவும் :-))

இரண்டாவது, ஹரிதாஸ் மூன்று தீபாவளி கண்ட கதை. 1944 தீபாவளிக்கு வந்த படம், சென்னை பிராட்வே தியேட்டரில் 1946 தீபாவளியையும் பார்த்துவிட்டுத்தான் இறங்கியது. பாகவதர் பேச்சு எடுத்தால் முதலில் வருவது இந்தச் சாதனைதான். ஆனால் அது யுத்த காலம். ஃபிலிம் சுருளுக்கே ரேஷன். ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று அரசாங்க உத்தரவு. புதுப்படங்கள் குறைந்துபோன காலத்தில், ஓடுகிற படம் ஓடிக்கொண்டே இருந்ததில் பாகவதரின் பங்கு எவ்வளவு, ஹிட்லரின் பங்கு எவ்வளவு என்று பேரன் கேட்டான். தாத்தாவுக்குக் கோபம் வந்தது. கேள்வி என்னவோ நியாயமானதுதான்.

குரலுக்கு வந்தபோது பேரனிடம் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஆண் பாடகர்கள் சாதாரணமாக ஒரு கட்டை, ஒன்றரை, இரண்டு கட்டை சுருதியில் பாடுவார்கள். பாகவதர் பாடினது பெண்கள் பாடுகிற உயரத்தில். அது பந்தா இல்லை, தொழில் தேவை. மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் இருக்கிறவனுக்கும் கேட்க வேண்டும் என்றால் குரல் மேலே போய்த்தான் ஆக வேண்டும். அவருக்கு முன்னால் எஸ்.ஜி.கிட்டப்பா அப்படிப் பாடித்தான் ஊரை ஆண்டார், 1933-ல் சின்ன வயசிலேயே போய்விட்டார். பத்து வயசுப் பையனாகத் திருச்சி ரசிக ரஞ்சனி சபாவில் அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசனாக மேடையேறிய தியாகராஜன் வளர்ந்தது அந்தப் பள்ளியில்தான்.

உயரத்தில் கத்துவதற்கு நிறைய பேர் உண்டு, ஆக்ஸல் உட்பட. பாகவதர் அந்த உயரத்தில் நின்றுகொண்டு பிருகா உதிர்ப்பார், அதிலும் ஒரு எழுத்து சிதையாது. பாபநாசம் சிவன் எழுதின சாகித்யத்தைக் கேட்டுக்கொண்டே ஒரு பள்ளிக்கூடப் பையன் நோட்டில் எழுதிவிடலாம். சபாவுக்குள் நுழைய முடியாத, ராகத்தின் பெயர் தெரியாத ஜனம் ஹரிதாஸ் பாட்டு வழியாகச் சாருகேசியை முணுமுணுத்தது. 1937-ல் சிந்தாமணி ஓடின ஓட்டத்தில் வந்த லாபத்தில் மதுரையில் ஒரு தியேட்டரே கட்டினார்கள், அதற்குச் சிந்தாமணி என்றே பெயர் வைத்தார்கள். அதே வருஷம்தான் கிறிஸ்தவக் கல்லூரி பட்டணத்தை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தது. அந்த முதல் செட் மாணவர்களில் எத்தனை பேர் கிராப்பை வளர்த்திருப்பார்களோ!

இதுவரை சண்டை ஜாலியாகத்தான் போனது. கடைசிக் குற்றச்சாட்டில்தான் வினை.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நடிகர்களைப் பற்றிக் கிசுகிசு எழுதி வந்த பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பர் 8-ம் தேதி வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் இறந்தார். டிசம்பரில் பாகவதரும் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் கைது. 1945 மே மாதம் ஆயுள் தண்டனை. ஹைகோர்ட் அப்பீலும் தள்ளுபடி. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், கேஸ் திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் இரண்டு பேரும் விடுதலை. (ஹரிதாஸ் பிராட்வேயில் ஓடின காலத்தில் முக்கால்வாசி நாள் அதன் நாயகன் கம்பிக்குப் பின்னால் இருந்தார்.) வெளியே வந்து அவரே தயாரித்த ராஜமுக்தி 1948-ல் விழுந்தது. அதற்குப் பிறகு வந்தவையும் எழும்பவில்லை. 1959 நவம்பர் 1-ம் தேதி சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் இறந்தபோது வயசு 49.

"பொய்க் கேசு போட்டு ஒரு மகா கலைஞனக் கொன்னுட்டாங்க. ஜெயிலு அவர முடிச்சிருச்சு," இது தாத்தா, வருஷக்கணக்காகச் சொல்லி வருவது.

பேரன் கேட்டான். "அப்ப என்.எஸ்.கே.? அதே கேஸ், அதே ஜெயில், அதே நாள் விடுதலை. வெளிய வந்த அதே வருஷம் பைத்தியக்காரன்ல நடிச்சாரு. 49-ல அண்ணா எழுதின நல்லதம்பி. 51-ல மணமகள், அவரே டைரக்ட் பண்ணினாரு. ஜெயில் அவர ஏன் முடிக்கல? பாகவதர முடிச்சது ஜெயில் இல்ல தாத்தா, காலம். ராஜமுக்தி வந்த வருஷம்தான் சந்திரலேகா. அமரகவி வந்த வருஷம்தான் பராசக்தி. ஊரு பாட்ட விட்டு வசனத்துக்குப் போயிருச்சு, இவரு அங்கயே நின்னுட்டாரு. ஜெயில்ங்கிறது ஒரு சாக்கு."

மோட்லி க்ரூ பாடகர் வின்ஸ் நீல் விஷயத்தையும் எடுத்துவிட்டான். 1984 டிசம்பரில் குடித்துவிட்டுக் கார் ஓட்டி, கூட வந்த இன்னொரு பேண்டின் டிரம்மரைச் சாகடித்தவர். 30 நாள் ஜெயில் தண்டனை, அதையும் முழுசாக அனுபவிக்கவில்லை. 1989-ல் அந்த பேண்டின் ஆல்பம் அமெரிக்காவில் நம்பர் ஒன். "குத்தம் பண்ணினவனே திரும்பி வந்துட்டான் தாத்தா."

தாத்தா பதில் சொல்லவில்லை. எழுந்து போய் மொட்டை மாடியில் துணி காய்ந்துவிட்டதா என்று பார்த்தார். அன்றைக்குக் காலையில் துணியே துவைக்கவில்லை.

பாட்டிதான் சமையல்கட்டில் வைத்துச் சொன்னார். தாத்தா ஆபீஸில் வேலை பார்த்தபோது நாடகக் குழுவில் பாடுவாராம். பாகவதர் பாட்டுக்கென்றே கூப்பிடுவார்களாம். கணக்கில் பணம் குறைகிறது என்று ஒரு புகாரில் சஸ்பெண்ட் செய்தார்கள். பதினாலு மாசம். அப்புறம் இவர்மேல் தப்பில்லை என்று ஆர்டர் வந்தது, சம்பளப் பாக்கியும் வந்தது. "திரும்பப் போய் வேல பாத்தாரு. ஆனா மேடையில மட்டும் ஏறல. ஏன்னு நானும் கேக்கல. நீ எதுக்குடா சாக்குன்னு சொன்ன?"

பேரனுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு போகலாமா வேண்டாமா என்று தாம்பரம் பிளாட்பாரத்தில் இரண்டு வண்டியை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினான். மன்னிப்பு கேட்கத் தோதாக ஏதோ யோசித்து வைத்திருந்தான். தாத்தா அதற்கு இடமே கொடுக்கவில்லை. அவரும் ஒரு வாரமாக வாதத்தைத் தயார் செய்து வைத்திருந்தார்!

"உக்காரு. என்.எஸ்.கே.ன்னு கேட்டியே, யோசிச்சேன். உள்ள இருந்தப்ப மதுரம் அம்மா குழுவக் கலையாம வச்சிருந்தாங்க. வெளிய வந்தவருக்கு நிக்க எடம் இருந்துச்சு. அது ஒண்ணு. இன்னொண்ணு, அவரு சிரிக்க வைக்கிறவரு. ஜெயிலுக்குப் போனாக்கூட அதையும் சொல்லிச் சிரிக்க வைக்கலாம். பாகவதரு யாரு? திருநீலகண்டரு, சிவகவி. சாமி முன்னாடி நின்னு கண்ணீர் விட்டுப் பாடினவரு. ஜனம் அவரப் பாதி சாமியாவே பாத்துச்சு. கோர்ட்டு விட்டுரும். பாக்கிறவன் கண்ணுல ஒரு கேள்வி இருக்கும் பாரு, அத எந்தக் கோர்ட்டு எடுக்கும்? அந்தக் கேள்வியோட எதுர நின்னு எப்படிடா பாடுறது?"

பேரன் மடக்கிப் பேசவில்லை. பேசியிருந்தாலும், தாத்தா சொன்னதில் பாதிக்கு மேல் சரி. படம் விழுந்ததற்குக் காலம் காரணம் என்பது நிற்கும். 1950 வாக்கில் டி.எம்.சௌந்தரராஜன் பாகவதர் பாணியிலேயே பாடிக்கொண்டு உள்ளே நுழைந்தார், அப்புறம் அவரும் பாணியை மாற்றிக்கொண்டுதான் நிலைத்தார். ஆனால் மாற்றிக்கொள்வதற்கும் ஒரு தெம்பு வேண்டும். விடுதலைக்குப் பிறகு பாகவதர் நிறைய கோயில்களில் பாடினார். கண்பார்வையும் சர்க்கரை வியாதியும் படுத்தின நாட்களிலும் பாடினார். குரல் போகவில்லை. முதல் சூப்பர் ஸ்டார், மூன்று தீபாவளி, தங்கத் தட்டு என்று சொல்லப்படுவதில் பாதியைக் கழித்துவிடலாம், அதனால் அவருக்கு ஒன்றும் குறையாது.

"நீங்க நேர்ல கேட்டிருக்கீங்களா தாத்தா?"

"ஒரு தடவ. பன்னண்டு வயசு. கோயில் திருவிழாவுல. கூட்டத்துல மொகம் தெரியல, எங்க அப்பா தோள்ல தூக்கி வச்சுக்கிட்டாரு. முடி கொட்டிப் போயிருந்துச்சு. பாட ஆரம்பிச்சாரு..." கையை மேலே தூக்கிக் காட்டினார், இவ்வளவு உயரம் என்கிற மாதிரி. பிறகு சன்னமாக ராகம் இழுத்தார். வார்த்தை இல்லை, சாருகேசி மட்டும். ஒரு கட்டைக்குக் கீழே, இருமலோடு. சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது.

முடித்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்த வெள்ளக்காரன் பாட்டப் போடு பாப்போம். சின்ன வயசுல பாடினது," என்றார்.

பேரன் போனில் 1987-ம் வருஷத்துப் பாட்டைப் போட்டுக் காதருகே பிடித்தான். தாத்தா நாலு நிமிஷமும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"சுருதி விடல. உச்சரிப்புதான் ஒண்ணும் புரியல," என்றார். "மும்பையில ஜனம் எந்திரிச்சுப் போயிருச்சா?"

"இல்ல தாத்தா. எல்லாரும் கூடவே பாடினோம்."

"அப்புறம் என்னடா."