நாலு பச்சை விளக்கு

எங்கள் வீட்டு ஸ்டோர் ரூமில் பாட்டரியில் ஓடும் கருவிகள் பதினொன்று இருக்கின்றன. பாட்டரி மூன்று. அதிலும் ஒன்று பொய். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். "பதினோரு பிள்ளைக்கு ரெண்டரை தட்டு" என்பாள் என் மனைவி, அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம்.

இருப்பது சிங்கப்பூர் ஃபேரர் பார்க், ஓவன் ரோடு பக்கம், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) மூவறை வீடு. தோட்டம் கிடையாது. நடைபாதையில் ஒரு துளசி, ஒரு கறிவேப்பிலை, இரண்டு கற்றாழைத் தொட்டி. இந்த நாலு தொட்டிக்கு நான் வாங்கியது இலை ஊதித் தள்ளும் மெஷின். துளசி இலையை ஊத மெஷின் வாங்கிய ஒரே ஆள் இந்தத் தீவில் நானாகத்தான் இருப்பேன்.

ஆரம்பம் சுங்கை ரோடு சந்தை. 2017 ஜூலை 10-ஆம் தேதி அதை மூடிவிட்டார்கள். அதற்கு முன், சனிக்கிழமை மாலைகளில் எங்கள் புளோக்கிலிருந்து பொடிநடையாகப் போய்விடுவேன். தார்பாய் விரித்து, பழைய கடிகாரம், ஒற்றைச் செருப்பு, சீன நாணயம், ரேடியோ என்று பரப்பி வைத்திருப்பார்கள். அங்கேதான் 15 வெள்ளிக்கு ஒரு பழைய ட்ரில் வாங்கினேன். நிக்கல் காட்மியம் பாட்டரி, செங்கல் கனம். கிழவர் விசையை அழுத்திக் காட்டினார், சுற்றியது. வீட்டுக்கு வந்து சாமிப் படத்துக்குப் பலகை அடிக்க எடுத்தால் நாலு நிமிடத்தில் முனகி நின்றுவிட்டது. கிழவர் மேல் குற்றமில்லை. ஓடுமா என்று கேட்டேன், ஓடும் என்றார், ஓடியது. எவ்வளவு நேரம் ஓடும் என்று நான்தான் கேட்கவில்லை.

அலுவலகத்தில் சரக்குக் கப்பல் பில்களைச் சரிபார்க்கிறவன் நான். கையால் ஒரு பொருளைச் செய்து முடித்த அனுபவம் கிடையாது. அந்த நாலு நிமிடம் மட்டும் கைக்குள் ஏதோ ஒன்று உயிரோடு துடித்ததே, அதை விட முடியவில்லை. அடுத்த மாதச் சம்பளத்தில் ஜாலான் புசார் பக்கம் போய்ப் புதிதாக ஒன்று வாங்கினேன். லித்தியம், 18 வோல்ட். பாட்டரியின் முதுகில் ஒரு பொத்தான். அமுக்கினால் நாலு பச்சை விளக்கு எரியும். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் முதல் காரியமாக அதை அமுக்கிப் பார்ப்பேன். நாலும் எரிந்தால் மனசுக்கு ஒரு நிறைவு.

நண்பர் ஒருவர் 20 வோல்ட் வாங்கிவிட்டு என்னை மட்டமாகப் பார்த்தார். ஒரு மாதம் பொறாமையில் வெந்தேன். பிறகுதான் தெரிந்தது, இரண்டும் ஒன்றேதான். உள்ளே வரிசையாக ஐந்து செல். ஒரு செல்லின் சராசரி அழுத்தம் 3.6 வோல்ட் என்று கணக்குப் போட்டால் 18. முழுக்க சார்ஜ் ஏறியதும் சும்மா இருக்கும்போது அளந்து, 4 வோல்ட் என்று போட்டால் 20. ஒரே ஆளைச் செருப்பில்லாமல் அளந்த உயரமும் செருப்போடு அளந்த உயரமும்.

ஆனால் என்னைக் கவிழ்த்தது வோல்ட் இல்லை, பாட்டரியின் பொருத்தம். ஒரு கம்பெனி பாட்டரி இன்னொரு கம்பெனிக் கருவியில் உட்காராது. அதே கம்பெனியென்றால் பாட்டரி இல்லாமல் வெறும் உடம்பை மட்டும் மலிவாகத் தருவார்கள். ஒரு வீட்டில் பெண்ணெடுத்தவன் அந்த வீட்டுக் காதுகுத்துக்கும் போகவேண்டும், கருமாதிக்கும் போகவேண்டும். அப்படித்தான் நானும். பாட்டரி இருக்கிறதே என்று ரம்பம், பாட்டரி இருக்கிறதே என்று உப்புத்தாள் தேய்க்கும் மெஷின், பாட்டரி இருக்கிறதே என்று அந்த இலை ஊதி. கருவிகள் கூடியதும் பாட்டரி போதவில்லை என்று பாட்டரி.

சாமிப் பலகை இன்னும் சுவரில் ஏறவில்லை. எங்கள் புளோக் பழையது, சுவர் கான்கிரீட். புது ட்ரில்லை வைத்து அழுத்தினேன். பிட் சிவந்தது, புகை வந்தது, சுவரில் விழுந்தது அம்மைத் தழும்பு அளவு பள்ளம். இரண்டு பாட்டரி தீர்ந்தது. அதற்குக் காரணம் கடைசியில் விளங்கியது. சாதாரண சுத்தியல் ட்ரில்லுக்குள் பல் வைத்த இரண்டு வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசிக் குதிக்கும். நாம் அழுத்துகிற அளவுக்குத்தான் அது அடிக்கும். போஷ் 1975-இல் கொண்டுவந்த எஸ்.டி.எஸ். பிடி உள்ள ரோட்டரி ஹாமர் வேறு சாதி. உள்ளே ஒரு பிஸ்டன் காற்றை அமுக்கி, அந்தக் காற்று ஒரு இரும்புக் கட்டியை எறிந்து, அது பிட்டின் பிட்டத்தில் அடிக்கும். நாம் பிடித்துக்கொண்டு நின்றால் போதும். நிலாவிலேயே இந்தப் பாடு பட்டிருக்கிறார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதல். 1971-இல் அப்போலோ 15-இல் போன டேவிட் ஸ்காட் பாட்டரி ட்ரில்லால் தரையில் இறக்கிய குழாய் சிக்கிக்கொண்டு, அவரும் கூடப் போன இர்வினும் சேர்ந்து மல்லுக்கட்டித்தான் அதைப் பிடுங்கினார்கள்.

ஆகவே ரோட்டரி ஹாமர் வாங்கினேன். வாங்கியது சனி இரவு. பொறுமை ஏது? ஞாயிறு காலை ஒன்பதரைக்கு முதல் ஓட்டை. கான்கிரீட் சுவர் சத்தத்தை எங்கே வேண்டுமானாலும் கடத்தும். என் ஓட்டை மூன்று மாடிக்குக் கேட்டிருக்கும். இரண்டாவது ஓட்டையில் கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி. கோபமே இல்லை, அதுதான் கொன்றது. கையில் பேரக்குழந்தை, அழுது முடித்த முகம். "அங்கிள், டுடே சண்டே லா" என்றார், அவ்வளவுதான்.

வீவக விதி எனக்குத் தெரியாததா? வீட்டு வேலையெல்லாம் திங்கள் முதல் சனிவரை, காலை 9 முதல் மாலை 6 வரை. உடைப்பது, ஓடு அறுப்பது, விடாமல் துளைப்பது போன்ற பெருஞ்சத்தம் என்றால் வாரநாளில் மட்டும், அதுவும் 5 மணிக்குள். ஞாயிறும் பொது விடுமுறையும் கூடாது. ஒயர் இல்லாத கருவிக்கு விதியும் இல்லை என்று மனசு எப்படியோ நினைத்துக்கொள்கிறது. சுவரில் இரண்டு ஓட்டையோடு வேலை நின்றது; பலகை ஒரு வாரம் தரையில் கிடந்தது. முருகன் சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

அவரிடமும் ஒரு குற்றம் செய்திருக்கிறேன். அக்கா மகன் அந்த வருடம் அலகுக் காவடி எடுத்தான். தைப்பூசத்துக்கு முதல்நாள் இரவு சிராங்கூன் ரோடு சீனிவாசப் பெருமாள் கோவிலில் காவடிகளைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோவில்வரை தோளில் தூக்கி நடக்கவேண்டிய பாரம்; ஒவ்வொரு நட்டும் கணக்கு. நான் இம்பாக்ட் டிரைவரோடு போய் நின்றேன். "தள்ளுங்கப்பா" என்று சொன்னதும் நானேதான். அலுமினியச் சட்டம், சின்ன போல்ட். டர்ர்ரென்று ஒரு சத்தம், அரை விநாடி, மரை அப்படியே வழித்துக்கொண்டு போய்விட்டது. ட்ரில்லின் கழுத்தில் எண் போட்ட வளையம் இருக்கும். குறித்த இறுக்கம் வந்ததும் அதுவே கழன்று கொடுக்கும். இம்பாக்ட் டிரைவருக்கு அந்த இரக்கம் கிடையாது, அடித்துக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒன்றும் பேசவில்லை. வேட்டி மடிப்பிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்தார், ஒரு அளவு பெரிய போல்ட்டாகப் பொறுக்கினார், கையால் முறுக்கி, கடைசியில் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். மெஷினை நான் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன்.

இத்தோடு திருந்தியிருக்கலாம். கஜா வந்தது.

2018 நவம்பர் 16, விடிவதற்கு முன், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் புயல் கரையேறியது. எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். தென்னையை நம்பிய ஊர். இரண்டு நாள் ஃபோன் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் அண்ணன் எங்கிருந்தோ பேசினார்: "தோப்பு படுத்துக்கிச்சு தம்பி." அவர் அழுததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எனக்கு அந்த நேரத்தில் தோன்றியதை மறைக்காமல் சொல்கிறேன். ஐயோ என்று தோன்றியது. அடுத்த விநாடியே, நம்மிடம்தான் மரம் அறுக்கும் மெஷின் இருக்கிறதே என்றும் தோன்றியது. இரண்டு 18 வோல்ட் பாட்டரியை ஒன்றாகப் பூட்டி 36 வோல்ட்டில் ஓடும் சங்கிலி ரம்பம். தள்ளுபடியில் வாங்கி, ஒருமுறைகூட ஓட்டாமல் வைத்திருந்தது. அது பிறந்ததே இந்த நாளுக்காகத்தான் என்று நினைத்தேன்.

அதோடு ஊருக்குக் கிளம்பினேன். விமானத்தில் கருவி வயிற்றுக்குள் போகவேண்டும், கழற்றிய பாட்டரி கையோடு வரவேண்டும். மாற்றிச் செய்தால் இரண்டுமே தப்பு. அவசரத்தில் நான் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டிருந்தேன். கவுன்டரில் பெட்டியைத் திறக்கவைத்தார்கள். பின்னால் நிற்கிற வரிசை முழுக்க ஊருக்கு ஓடுகிற முகங்கள். நான் தரையில் உட்கார்ந்து ஜட்டி, சட்டைக்கு அடியிலிருந்து பாட்டரி பொறுக்குகிறேன். 18 வோல்ட், 5 ஆம்பியர் மணி, பெருக்கினால் 90 வாட் மணி. 100-க்குள் இருந்ததால் கைப்பையில் விட்டார்கள். 6 ஆம்பியர் மணி வாங்கியிருந்தால் 108. அதற்குத் தனி அனுமதி வேண்டும். நாலு பாட்டரி, முனைகளில் டேப் ஒட்டி, மடியில் வைத்துக்கொண்டு திருச்சிவரை போனேன்.

தோப்பில் நாற்பத்துமூன்று மரம் கிடந்தது. தென்னையை அறுத்துப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: வெளிப்பக்கம் நார் இறுகி இரும்பாக இருக்கும், நடுவில் ஈரப் பஞ்சு. வெளியில் சங்கிலியின் கூர் போகும், உள்ளே நார் சுற்றிக்கொள்ளும். முதல் ஜோடி பாட்டரி இருபது வெட்டுக்குத் தாங்கவில்லை. இரண்டாவது ஜோடி அதற்கும் குறைவு, அதற்குள் சங்கிலி மழுங்கிவிட்டது. ஐந்து மரம் துண்டாகியிருந்தது. பச்சை விளக்கு ஒன்று சிமிட்டியது, பிறகு அதுவும் இல்லை.

சரி, சார்ஜ் போடலாம் என்று சார்ஜரை எடுத்துக்கொண்டு வீட்டுச் சுவரைத் தேடிப் போனேன். ப்ளக் பாயின்ட் முன்னால் போய் நின்ற பிறகுதான் உறைத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்திருந்த நேரம். எங்கள் தெருவில் கம்பமே இல்லை. நான் சிங்கப்பூரிலிருந்து சுமந்து வந்தது வெறும் பாத்திரம். அதற்குள் ஊற்ற ஊரில் ஒன்றும் இல்லை.

கோவில் திடலில் ஒருவர் ஜெனரேட்டர் வைத்து, பலகையில் வரிசையாகப் பாயின்ட் போட்டு, ஃபோனுக்கு சார்ஜ் ஏற்ற விட்டிருந்தார். பெரிய வரிசை. பாதிப்பேர் பிள்ளைகள் வெளிநாட்டில் உள்ளவர்கள். உயிரோடு இருக்கிறோம் என்று சொல்ல வந்தவர்கள். நானும் நின்றேன். முறை வந்ததும் சார்ஜரை மாட்டினேன். அதன் விசிறி இரைந்தது, ஜெனரேட்டரின் சத்தம் ஒரு சுருதி இறங்கியது. ஒரு ஃபோன் குடிப்பதைப் போல இருபது மடங்குக்கு மேல் அது குடிக்கும். பின்னால் நின்ற ஆத்தா எட்டிப் பார்த்தது. "இது என்னா ஃபோனு தம்பி, இம்மாம் பெருசா இருக்கு?"

நான் பதில் சொல்லவில்லை. பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மிச்ச மரங்களைப் பெட்ரோல் மெஷின் வைத்திருந்தவர்கள் முறை வைத்து அறுத்துக் கொடுத்தார்கள். அண்ணன் அரிவாளால் மட்டை கழித்தார். நான் மட்டை இழுத்துப் போட்டேன். அதைச் சரியாகவே செய்தேன் என்று நினைக்கிறேன். ராத்திரி சாப்பிடும்போது அண்ணன் சொன்னார்: "ஒன் மெஷினுக்குப் பசிச்சா ஊருக்கே கரண்டு வரணும் போலருக்கு." கஜாவுக்குப் பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்த அளவுக்காவது அந்த மெஷின் உதவியது.

ரம்பத்தையும் இரண்டு பாட்டரியையும் அங்கேயே விட்டு வந்தேன். "ஃபுல்லா சார்ஜ் போட்டு மெஷின்லயே மாட்டி வைங்கண்ணே, அவசரத்துக்கு ஆகும்" என்று சொன்னது நான். அவர் சொன்னபடியே மோட்டார் ரூமில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் வைத்தார். பிறகு கொரோனா. 2022-இல் போய் எடுத்தால் சார்ஜர் சிவப்பாகச் சிமிட்டி மறுத்துவிட்டது. முழு சார்ஜோடு சூட்டில் கிடப்பது லித்தியத்துக்குப் பெரிய கெடுதல். கருவியோடு மாட்டி வைத்தால் அது துளித்துளியாக உறிஞ்சிக்கொண்டும் இருக்கும். அழுத்தம் ஒரு அளவுக்குக் கீழே போனால் சார்ஜர் தொடாது, தொடாமலிருப்பதே நல்லது. பாதி சார்ஜில், கழற்றி, சூடில்லாத இடத்தில் வைக்கச் சொல்லியிருக்கவேண்டும். அது அண்ணன் தெரிந்துகொள்ளவேண்டிய விஷயமா? நான்தானே கருவிக்காரன்.

அந்த நஷ்டத்தை ஈடுகட்டத்தான் அந்தப் பொய் பாட்டரி வந்தது. அதே 5 ஆம்பியர் மணி, கால் விலை. கையில் எடுத்ததும் ஏதோ லேசாகப் பட்டது. சமையல் தராசில் வைத்தேன். பழையது 600 கிராமைத் தாண்டுகிறது, புதியது 380. ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தால், ஐந்தைந்தாக இரண்டு வரிசை, பத்து செல் இருக்கவேண்டிய இடத்தில் ஐந்து. மிச்ச இடத்தில் அட்டை மடித்துச் செருகியிருந்தது, ஆடாமல் இருக்க. ஆனால் நாலு பச்சை விளக்கும் பளிச்சென்று எரிந்தன. அட்டையை நானும் கொஞ்ச நேரம் மரியாதையோடு பார்த்தேன், ஒழுங்காகத்தான் மடித்திருந்தார்கள்.

போன மாதம் ஒரு புதன்கிழமை, காலை பத்தரை இருக்கும். எதிர்வீட்டு ஆன்ட்டி கதவைத் தட்டினார். கையில் திரைச்சீலைக் கம்பி. பேரன் இப்போது உயரமாகிவிட்டான். பின்னால் நின்றுகொண்டு கம்பியின் மறுமுனையைப் பிடித்திருந்தான். "அங்கிள், டுடே வெட்னஸ்டே. கேன் ஆ?"

ஸ்டோர் ரூமுக்குப் போய் மூன்று பாட்டரியையும் அமுக்கினேன். உண்மையான இரண்டிலும் ஒவ்வொரு விளக்குத்தான் எரிந்தது. பொய்யில் நாலு. எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிட்டு, கீழ்த்தட்டில் கிடந்த, அக்கா வீட்டில் வேண்டாமென்று கொடுத்த ஒயர் ட்ரில்லை எடுத்தேன். அதன் ஒயர் எட்டவில்லை. எக்ஸ்டென்ஷன் பெட்டியை எங்கள் ஹாலில் மாட்டி, நடைபாதையைக் குறுக்கே கடந்து, அவர்கள் வீட்டு வாசற்படி ஏற்றி உள்ளே கொண்டுபோனேன். யாரும் தடுக்கி விழாமலிருக்கப் பேரன் அதன் பக்கத்திலேயே, துளசித் தொட்டியை ஒட்டிக் குந்திக்கொண்டான். நாலு ஓட்டை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஆன்ட்டி "வெயிட், வெயிட்" என்று பழைய செய்தித்தாளைச் சுவருக்குக் கீழே பிடித்தார்.