ஸ்கீம் ரோடும் மூன்றாண்டுக் கெடுவும்

பத்திரம் சுத்தம். பட்டா அவர் பெயரில். வில்லங்கச் சான்றில் ஒரு குறையும் இல்லை. ஆனால், நாற்பது சென்ட் இடத்தில் நாலு கடை கட்ட அவர் கேட்ட அனுமதியை, ‘மனையின் பெரும்பகுதி உத்தேசச் சாலையில் அமைகிறது’ என்ற ஒற்றை வரியில் மறுத்திருந்தார்கள். வில்லங்கச் சான்றிலேயே இல்லாத சாலை எங்கிருந்து வந்தது என்பதுதான் என்னிடம் வழக்கு கொண்டுவந்த அந்தப் பெரியவரின் கேள்வி. பதிவுத் துறை தரும் சான்று பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். திட்ட வரைபடத்தில் போட்ட கோடு பத்திரம் ஆகாது, அதனால் அதில் ஏறாது. நிலம் வாங்குவோரில் பலர் இன்றும் இடறி விழும் இடம் இது.

நூற்பாலைகளும் பட்டறைகளும் பெருகி, எல்லை தாண்டி வளர்ந்துகொண்டிருந்த மேற்கு மாவட்ட ஊர் அது. கடைவீதிக்குள் லாரிகள் நுழையாமல் இருக்க, இரண்டு நெடுஞ்சாலைகளை ஊருக்கு வெளியே இணைக்கும் அறுபது அடிச் சாலையை விரிவு அபிவிருத்தித் திட்டத்தில் காட்டியிருந்தார்கள். ஊர்க்காரர்கள் அதை ‘ஸ்கீம் ரோடு’ என்பார்கள். தொலைநோக்கோடு போட்ட திட்டம்தான், தேவையான சாலையும்தான். 1990களின் தொடக்கத்தில் அரசிதழில் அறிவிப்பு வந்தது. அதன்பின் ஒரு சென்ட் நிலம்கூட எடுக்கப்படவில்லை.

“ரோடு வேண்டாம்னு நான் சொல்லலீங்க சார். ஓடைக்கு அந்தப் பக்கம் வெறும் மேட்டாங்காடு. அதுல கொண்டுபோனா ஒரு வீடு இடிக்க வேண்டியதில்ல. இதைத்தான் நீங்க ஜட்ஜய்யாகிட்டச் சொல்லோணும்” என்றார்.

அதை மட்டும் என்னால் சொல்ல முடியாது என்று விளக்கினேன். சாலை இந்தப் பக்கம் போகலாமா, அந்தப் பக்கம் போகலாமா என்பது திட்டமிடுவோர் தீர்மானிக்க வேண்டியது. ரிட் மனுவை விசாரிக்கும் உயர் நீதிமன்றம் அந்த வரைபடத்தைத் திருத்தி வரையாது. சட்டப்படி நடந்தார்களா என்று மட்டுமே பார்க்கும். அவர் மனதில் இருந்தது ஊருக்கான வாதம். என் கையில் இருந்ததோ காலண்டர்.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இல் மக்கள் பேச ஓர் இடம் உண்டு. முழுமைத் திட்டமென்றால் பிரிவு 26, விரிவு அபிவிருத்தித் திட்டமென்றால் பிரிவு 27. இரண்டின்படியும் அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிப்பு வெளியிட்டு, ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் எழுத்தில் கேட்க வேண்டும். அதற்குக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும். அதே அறிவிப்பு நாளிலிருந்து அரசுக்கும் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. மூன்று ஆண்டுகளுக்குள் பிரிவு 37(2)-இன்படி கையகப்படுத்தும் விளம்புகை வரவில்லை, உடன்பாட்டின் பேரிலும் நிலம் வாங்கப்படவில்லை என்றால், அந்த நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகவே கருதப்படும் என்கிறது பிரிவு 38. எங்கள் மனு இந்தப் பிரிவின் மேல்தான் நின்றது.

தகவல் உரிமைச் சட்டம் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். அதன் வழியாகத் திட்டக் கோப்பின் நகலைக் கேட்டு வாங்கினோம். தேதிகளுக்காகத்தான் கேட்டேன். புரட்டும்போது ஆட்சேபணைப் பதிவேடு கண்ணில் பட்டது. அவ்வளவு பெரிய திட்டத்துக்கு வந்திருந்தவை விரல்விட்டு எண்ணும் அளவு மனுக்கள். அவற்றில் ஒன்றை ஓய்வு பெற்ற நில அளவையர் ஒருவர் எழுதியிருந்தார். ஓடைக்கு அப்பால், மேட்டாங்காட்டு வழியே சாலையைத் திருப்பலாம் என்று சர்வே எண்களோடு, கையால் வரைந்த படத்தோடு! என் கட்சிக்காரர் கோர்ட்டில் சொல்லத் துடித்த அதே யோசனை. உரிய காலத்தில், உரிய இடத்துக்கு வந்துசேர்ந்த யோசனை. எதிரே எழுதியிருந்த முடிவு: ‘பரிசீலிக்கப்பட்டது. ஏற்பதற்கில்லை.’ காரணம் இல்லை. அவரை அழைத்து விசாரித்ததாகவும் குறிப்பு இல்லை. மனுவை மறுபடி படித்தேன். நேரில் விசாரிக்கும்படி அவரும் கேட்டிருக்கவில்லை.

விசாரணையில் அரசுத் தரப்பு மூன்று வாதங்களை வைத்தது. நீண்டகாலத் திட்டத்தை நிதி வரும் வேகத்தில்தான் நிறைவேற்ற முடியும். திட்டம் மறு ஆய்வில் இருப்பதால் ஒதுக்கீடு தொடர்கிறது. மனுதாரர் உரிய காலத்தில் ஆட்சேபிக்கவில்லை. இரண்டாவது வாதத்தை முறியடிக்க, பாவ்நகர் பல்கலைக்கழகம் எதிர் பாலிதானா சர்க்கரை ஆலை வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு கைகொடுத்தது. திட்டத்தைத் திருத்துகிறோம் என்பதாலேயே காலாவதிக் கெடு தள்ளிப்போகாது என்றது அந்தத் தீர்ப்பு. அது குஜராத் சட்டத்தைப் பற்றியது. அங்கே பத்தாண்டு கழிந்த பிறகு உரிமையாளர் நோட்டீஸ் கொடுத்து, மேலும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். நம் பிரிவு 38-இல் நோட்டீஸ் என்ற பேச்சே இல்லை. மூன்றாண்டு முடிந்தால் விடுதலை தானாகவே வருகிறது. மற்ற இரு வாதங்களுக்கும் அதுவே பதில். பணம் இல்லாதது கெடுவை நீட்டாது. ஆட்சேபிக்காதவருக்கு விடுதலை இல்லை என்றும் சட்டம் சொல்லவில்லை. நிராகரிப்பு உத்தரவு ரத்தானது. கடைகள் எழுந்தன.

அந்த உத்தரவின் நகலோடு அடுத்தடுத்த நிலத்துக்காரர்களும் வந்தார்கள், அவர்களும் ஜெயித்தார்கள். சில வருடம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது ஸ்கீம் ரோட்டைப் பார்த்தேன். மனைப்பிரிவு போட்டவர்கள் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்த இடங்களில் மட்டும் அறுபது அடி அகலத்தில் தார் மினுங்கியது. லேஅவுட் முடிகிற இடத்தில் காம்பவுண்டுச் சுவர். சுவருக்கு அப்பால் சோளக்காடு, அதற்கும் அப்பால் இன்னொரு துண்டுச் சாலை. லாரிகள் பழையபடி கடைவீதிக்குள்தான் ஊர்ந்துகொண்டிருந்தன.

பெரியவரின் கடைக்கும் போனேன். “ஏனுங்க சார், இந்த ரோடு இனி வரவே வராதுங்களா? சரக்கு இறக்க வண்டி உள்ள வர மாட்டேங்குது” என்று அவரே கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாலையை அவர் ஒருநாளும் எதிர்க்கவில்லை. ஓடைக்கு அப்பால் திருப்பியிருந்தால் அவர் கடையும் நின்றிருக்கும், சாலையும் வந்திருக்கும். அந்த முடிவை எடுத்திருக்கக்கூடிய ஒரே இடம் ஆட்சேபணை விசாரணை. அது ஒரு வரிக் குறிப்போடு முடிந்துபோனது. நீதிமன்றத்தால் தர முடிந்தது நிலத்தை மட்டும்தான்.

திட்டங்கள் மறு ஆய்வுக்கு வரும். விடுபட்ட நிலத்தின் மேல் புதிய கோடு விழவும் கூடும். அதனால் அறிவிப்பு வந்த உடனே என்னிடம் வருகிறவர்களுக்கு இப்போது வழக்கைப் பற்றிச் சொல்வதில்லை. வரைபடத்தைப் போய்ப் பாருங்கள், சர்வே எண்ணைக் குறித்துவாருங்கள், மாற்றுப் பாதை இருந்தால் படம் போட்டுக் கொடுங்கள், மனு கொடுத்ததற்கு முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள் என்கிறேன். ஆட்சேபணை தருகிறவர்களில் நேரில் பேசக் கோரியவருக்குத்தான் அந்த வாய்ப்பைச் சட்டம் உறுதி செய்கிறது. ஆகவே ‘என்னை நேரில் விசாரிக்கக் கோருகிறேன்’ என்ற வரி இல்லாத ஆட்சேபணை மனு எதுவும் என் அலுவலகத்தைவிட்டு வெளியே போவதில்லை.